மழைக்குழியும் சருகும்: ஓக்கிக்குப் பிறகு எங்கள் விளையில்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் சரிவான நிலத்தில் எங்களுக்கு ஓர் ஏக்கர் விளை, அதாவது மரத்தோட்டம், உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி புயல் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுபடியும் ரப்பர் வைக்க மனம் வரவில்லை. அயனி, பலா, மருது, வேங்கை என்று கலந்து நட்டு, கூடவே ஓடும் மழைநீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்க மழைக்குழிகளும் வெட்டினோம். அந்தக் குழிகள் இத்தனை வருடத்தில் எப்படி உழைத்தன என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். ரப்பர் தோட்டங்களில் வெட்டும் அதே அளவு. சரிவுக்குக் குறுக்கே, மேல் வரிசையில் விட்ட இடைவெளிக்கு நேராகக் கீழ் வரிசைக் குழி வரவேண்டும். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரம்பாகப் போடுங்கள். மேல்பக்கம் போட்டால் அடுத்த மழையில் குழிக்குள்ளேயே திரும்பி வந்துவிடும்.

கொஞ்சம் கணக்கும் பார்க்க வேண்டும். குழி ஒன்றில் சுமார் 400 லிட்டர் பிடிக்கும். ஐம்பது குழி என்றால் 20,000 லிட்டர். ஓர் ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவதோ 2 லட்சம் லிட்டர். எல்லாக் குழியும் ஒருமுறை நிரம்பினாலும் பத்தில் ஒரு பங்குதான். வடிய வடியத் திரும்ப நிரம்பும், சரி. ஆனாலும் பெரும்பங்கை மண்தான் குடித்தாக வேண்டும். வெறும் செம்மண்ணில் மழை நேராக அடித்தால் மேல்மண் இறுகிப்போய், தண்ணீர் இறங்காமல் கலங்கலாக ஓடிவிடும். பக்கத்து விளையில் ரப்பர் பால் வெட்டும் பெரியவர் ஆரம்பத்திலேயே சொன்னார்: "மக்கா, வெள்ளத்தப் பிடிச்சா மட்டும் போதாது. சவற வாரிக் கூட்டித் தீ வைக்காம இரி."

வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர், சவறு என்றால் சருகு. அவர் சொன்னதுதான் சரி. துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசி வெயில் ஏறும்போதுதான் ஈரம் நின்றதா போனதா என்று தெரியும். மாசியில் பலா மரத்தின் மூட்டில், அதாவது அடியில், சருகை விலக்கிப் பாருங்கள். மேலே கையில் நொறுங்கும் காய்ந்த இலை. அதற்கடியில் பாதி மக்கியது, வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சாண நூல் ஓடியிருக்கும். அதற்கும் கீழே கையில் ஒட்டும் கறுத்த மண், மண்புழுக் கழிவு. சருகில்லாத நடைபாதையிலும் குழிகள் உண்டு. அங்கே அதே மாசியில் மம்பட்டி போட்டால் தெறிக்கிறது.

குளிர் நாட்டுக் காடுகளில் இலை மக்க வருடக்கணக்கில் ஆகும். அதனால் சருகு தானாகவே தடித்துக் கிடக்கும். நம் வெக்கைக்கும் மழைக்கும் மிக வேகமாக மக்கிவிடுவதால் வருடாவருடம் புதுச் சருகு விழுந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே மரமாக வைக்காமல் கலந்து நட்டது இதற்கு நன்றாகவே உதவுகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதம் உதிர்க்கிறது.

பராமரிப்பு வேலை உண்டு, மறைக்க முடியாது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் குழிகளில் படிந்த வண்டலை வாரிவிட வேண்டும். கூலி அதற்குத்தான் போகிறது. வண்டல் வீணில்லை, வாழை மூட்டுக்குப் போட்டால் நன்றாக எடுக்கும். கொசு வருமா என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீர் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிட்டால் பயமில்லை, முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும். அடியில் பாறை தட்டிய சில குழிகளில் மட்டும் தண்ணீர் நின்றது. அவற்றைத் தொண்டும் (தேங்காய் மட்டை) சருகும் போட்டு நிரப்பிவிட்டோம்.

மிகச் செங்குத்தான சரிவில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மண்ணுக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் இறங்கினால் பாரம் தாங்காமல் சரிவே இடியும். அங்கே கய்யாலையும் (மண் சரியாமல் கட்டும் தடுப்புச் சுவர்) வேர் பிடிக்கும் செடிகளும்தான் நல்லது. கோடையில் சருகுக்குத் தீ பயமும் உண்டு, அதனால் எல்லையோரம் சில அடி அகலத்துக்குச் சுத்தமாக வைத்திருக்கிறோம். காட்டுப்பன்றிதான் இன்னும் பெரிய தொல்லை. மண்புழுவுக்காகச் சருகைக் கிளறி, வரம்பையும் உடைத்துப் போடுகிறது. இந்த வருடம் வரம்பு முழுக்க வெட்டிவேர் நட்டிருக்கிறோம்.