3 பிஎஸ் பவர் கூடும் என்று மாட்டிய ஏர் ஃபில்டர், என் ஆர்15 பிளாக்கைத் தின்ற கதை

போன மாதம் என் யமஹா ஆர்15 வி3 பைக்குக்கு சிலிண்டர் பிளாக், பிஸ்டன் இரண்டும் புதிதாகப் போட்டேன். கூலியோடு 14,600 ரூபாய். வண்டி ஓடியது 31,000 கிலோமீட்டர்தான். ஆயில் ஒருமுறைகூடத் தள்ளிப்போட்டதில்லை. எஞ்சினைக் கெடுத்தது, 4,200 ரூபாய் கொடுத்து நான் ஆசையாக வாங்கி மாட்டிய ஏர் ஃபில்டர். இதே ஆசையோடு யாராவது கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஆக்சஸரீஸ் கடைகளில் ஒன்று. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. செயின் ஸ்ப்ரே வாங்கத்தான் போனேன். கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். துவைத்துத் துவைத்துப் போடும் காட்டன் ஃபில்டர், வெளிநாட்டுச் சரக்கு என்றார்.

“தம்பி, கம்பெனி ஃபில்டர் வண்டி மூச்ச அடைச்சு வெச்சிருக்கு. இத மாட்டுனா 3 பிஎஸ் கூடும், மைலேஜும் ஏறும்.”

“ஈசியு ட்யூன் பண்ண வேணாமாண்ணே?”

“எதுக்கு? சென்சார் இருக்குல்ல, அதுவே செட் பண்ணிக்கும்.”

இந்தக் கடைசிப் பதில் பாதி உண்மை. அதனால்தான் நம்பினேன். சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், சீரான வேகத்தில் போகும்போது பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும். ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கும்போது, அதாவது முழு த்ராட்டிலில், பெட்ரோலை அளந்து விடும் கம்ப்யூட்டரான ஈசியு அந்த சென்சாரைக் கேட்காது, கம்பெனி எழுதிவைத்த கணக்குப்படிதான் பெட்ரோல் விடும். நாம் பவர் கூட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அந்த முழு த்ராட்டிலில்தான்.

மாட்டும்போது அவருடைய பையன் இன்னொரு வேலையும் செய்தான். ஃபில்டர் உட்காரும் பெட்டியான ஏர்பாக்ஸின் வாயில் இருக்கும் ரப்பர் மூக்கைப் பிடுங்கி எடுத்தான். காற்று ஃப்ரீயாக வரும் என்றான். பழைய ஃபில்டரைக் கேட்டதற்கு, “குப்பை தம்பி அது” என்று குப்பை டிரம்மில் போட்டுவிட்டார்கள். பில் கேட்டேன். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், எதற்கு வீண் செலவு என்றார். ஜிபேயில் பணம் அனுப்பினேன். அந்த ஒரு பதிவுதான் இன்று என் கையில் இருக்கும் ஆதாரம்.

வெளியே வந்து முறுக்கியதும் அப்படி ஒரு உறுமல். 7,400 ஆர்பிஎம்மில், வால்வு திறப்பை மாற்றும் விவிஏ விழும் இடத்தில் டேங்குக்கு அடியிலிருந்து குமுறிக்கொண்டு வந்தது. வண்டி பறக்கிறது என்றே நினைத்தேன். காற்றை இழுக்கும் சத்தத்தை அடக்கி வைத்திருந்த மூக்கை எடுத்துவிட்டதால் வந்த சத்தம் அது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மூக்கின் நீளமும் அகலமும் சும்மா வைத்ததில்லை. நடு ஆர்பிஎம்மில் சிலிண்டர் நன்றாக நிரம்புவதற்கான கணக்கு அதில் இருக்கிறது. ட்ராஃபிக்கில் மூன்றாவது கியரில் முன்பு ஏறிய இடத்தில் வண்டி சோர்ந்தது. செட் ஆகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான் தினமும் போவது ஓஎம்ஆர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்குமான மெட்ரோ வேலை நடக்கும் பாதை. அங்கே பறக்கும் தூசி உங்களுக்கே தெரியும்.

ஃபில்டர் மாட்டி ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகை. ஆயில் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் ஏர்பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்கு உள்பக்கம், அதாவது சுத்தமான காற்று மட்டுமே இருக்க வேண்டிய பக்கத்தில் விரலை விட்டுத் தேய்த்து என்னிடம் காட்டினார். விபூதி மாதிரி நைசான தூசி, நுனி விரல் முழுக்க. ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் ஒரு மூலை உட்காரவே இல்லை, மடங்கிக் கிடந்தது. அந்த இடைவெளியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தது. ஃபில்டரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தது. “அமுக்கிப் பாரு” என்றார். அமுக்கினேன். சிவப்பாக இருந்ததே தவிரப் பிசுபிசுப்பு துளியும் இல்லை. காட்டன் ஃபில்டரில் நுண்ணிய தூசியைப் பிடிப்பது துணி மட்டுமில்லை, அதில் ஊறியிருக்கும் ஆயிலும்தான். எனக்கு விற்றது சாயம் போட்ட துணி.

அதன் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. இந்த வண்டியின் சிலிண்டர் டயாசில், அதாவது சிலிக்கான் கலந்த அலுமினியம். உள்ளே இரும்பு லைனர் கிடையாது. பழைய வண்டிகளில் தூசி உரசி சிலிண்டரில் கோடு விழுந்தால், உள்பக்கத்தைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுச் சமாளிக்கலாம். இதில் பிளாக்கையே மாற்றுவதுதான் வழி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 155 சிசி எஞ்சின், 10,000 ஆர்பிஎம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். முழுசாக இழுத்தாலும் நிமிஷத்துக்கு 775 லிட்டர். கம்பெனி ஃபில்டரை இந்தக் காற்றுக்கு இடம் கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். 19.3 பிஎஸ் என்று கம்பெனி சொல்வதே அந்த ஃபில்டர் உள்ளே இருக்கும்போதுதான். ஃபில்டரை மட்டும் மாற்றி அதற்கு மேல் 3 பிஎஸ் என்பது ஆறில் ஒரு பங்கு பவரைக் கூட்டுவது. இந்த எஞ்சினில் அது நடக்காது. கம்பெனி ஃபில்டரின் விலை சில நூறு ரூபாய்.

நல்ல காட்டன் ஃபில்டர்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டுபவர்கள் போடுகிறார்கள். அவர்கள் எக்ஸாஸ்ட் மாற்றி, பவர் அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றி ட்யூன் செய்து, எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பவர்கள். மெட்ரோ தூசியில் ஆபீஸ் போகிறவருக்கு அந்த ஃபில்டரால் ஆவது ஒன்றுமில்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். “அடிச்சு ஓட்டியிருப்பீங்க தம்பி” என்றார். அந்த ஃபில்டர் எங்கள் கடையில் வாங்கியதே இல்லை என்றும் சொன்னார். ஜிபே பதிவைக் காட்டியதும் அது செயின் ஸ்ப்ரேவுக்கு என்றார், 4,200 ரூபாய்க்கு. கைகால் நடுங்க வெளியே வந்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். அதன் பிறகு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நம் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். பில் கொடுக்காததே 2019 சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பில் இல்லை, கேஸ் நிற்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழுதான பிளாக்கையும் அந்த ஃபில்டரையும் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஏற்கெனவே இப்படி மாட்டியிருப்பவர்கள் இன்று சாயங்காலமே ஏர்பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் தூசி வந்தால், கம்பெனி ஃபில்டரை வாங்கி மாட்டும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.