65 வாட் குட்டி சார்ஜர்: சூடு எங்கே போகிறது?

மதுரை டவுன் ஹால் ரோட்டில் எந்த மொபைல் கடையில் கேட்டாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சார்ஜரை எடுத்து நீட்டுகிறார்கள். "லேப்டாப்புக்கும் இதான்ணே, போனுக்கும் இதான்." பொய்யில்லை. ஒழுங்காகச் செய்த 65 வாட் கேன் (GaN) சார்ஜர் ஒன்று இருந்தால் பையில் சுமக்கும் செங்கல்லை, அதாவது பழைய லேப்டாப் சார்ஜரை, வீட்டிலேயே விட்டுவிடலாம். ஆனால் அதே கண்ணாடிப் பெட்டியில், அதே நிறத்தில், நாலில் ஒரு பங்கு விலையில் இன்னொன்றும் இருக்கும். அதன் மேலும் 'கேன்' என்றுதான் அச்சடித்திருக்கும். பில்லும் வாரண்டியும் உள்ளது சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய். மற்றது 400, 500. வித்தியாசம் உள்ளே இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் சூடு சம்பந்தப்பட்ட வித்தியாசம்.

முதலில், இவ்வளவு சின்னதாக எப்படி வந்தது? கேன் என்பது காலியம் நைட்ரைடு. நீல எல்.ஈ.டி.க்காக 2014-இல் இயற்பியல் நோபல் வாங்கித் தந்த அதே பொருள். சார்ஜருக்குள் 230 வோல்ட் ஏசி முதலில் பிரிட்ஜ் டயோடு வழியாக ஏறக்குறைய 325 வோல்ட் டிசி ஆகிறது. அதை ஒரு டிரான்சிஸ்டர் வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் தள்ளுகிறது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் இதை வழக்கமாக விநாடிக்கு 65 ஆயிரம் முதல் ஒரு லட்சம் தடவை செய்யும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் சக்தி சூடாகப் போய்க்கொண்டே இருக்கும். கேன் டிரான்சிஸ்டரைத் திறந்து மூட மிகக் குறைந்த மின்னூட்டமே போதும் என்பதால் சில லட்சம் தடவை வரை வெட்டலாம். கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலத்தான்: அதே நேரத்தில் அதே தண்ணீரைப் பெரிய வாளியில் பத்துத் தடவையும் இறைக்கலாம், சின்னச் சொம்பில் நூறு தடவையும் இறைக்கலாம். இங்கே வாளி டிரான்ஸ்ஃபார்மர். சொம்பானதும் சார்ஜர் சுருங்கிவிட்டது.

சுருங்காத பாகமும் ஒன்று உண்டு. மின்சாரத்தைச் சற்று நேரம் சேர்த்து வைக்கும் உருளை வடிவ 400 வோல்ட் கெப்பாசிட்டர். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒவ்வொரு 10 மில்லி விநாடிக்கும் வரும் பள்ளத்தை அதுதான் நிரப்ப வேண்டும். டிரான்சிஸ்டர் எவ்வளவு வேகமானாலும் அந்த 10 மில்லி விநாடி மாறாது. 100 வோல்ட் நாடுகளுக்கும் சேர்த்துச் செய்யும் நல்ல 65 வாட் சார்ஜரில் இது சுமார் 100 மைக்ரோ ஃபேரட் இருக்கும், ஒன்றாகவோ இரண்டு மூன்றாகப் பிரித்தோ. மலிவு ரகத்தில் இதன் பாதிகூட இருக்காது. உண்மையைச் சொன்னால் 230 வோல்ட்டுக்குப் பாதி போட்டாலும் சார்ஜர் ஓடும். ஆனால் சின்னக் கெப்பாசிட்டரில் அதே ஏற்ற இறக்க மின்னோட்டம் அதிகச் சூட்டைக் கிளப்பும். இந்த வகைக் கெப்பாசிட்டர் 10 டிகிரி கூடினால் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஓடும், ஆனால் நாள் எண்ணிக்கொண்டு ஓடும்.

இனி சூட்டுக் கணக்கு. 65 வாட் வெளியே கொடுக்கும் சார்ஜரின் திறன் 93 சதவீதம் என்றால் உள்ளே சுமார் 5 வாட் சூடாகத் தங்குகிறது. 90 சதவீதம் என்றால் 7 வாட். மூன்று சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் சூட்டில் அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஷியோமி 2020-இல் வெளியிட்ட 65 வாட் கேன் சார்ஜர் 56.3 × 30.8 × 30.8 மி.மீ. கொள்ளளவு 53 கன செ.மீ.தான். ஆறு பக்கமும் சேர்த்துப் பரப்பு சுமார் 88 சதுர செ.மீ. காற்று ஆடாத இடத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு மில்லி வாட்டுக்குச் சற்று மேல்தான் வெளியேற்றும். அந்த அளவுள்ள பெட்டியில் 5 வாட்டை வெளியேற்ற, மேற்பரப்பு அறையைவிடச் சுமார் 45 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். ஏ.சி. அறையில் அது 70 டிகிரி. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை 38-இல் இருக்கும்போது 83.

இது தாளில் போட்ட கணக்கு, முழு 65 வாட்டும் மணிக்கணக்கில் இழுத்தால் வருவது. லேப்டாப் பாட்டரி ஏற ஏற இழுவை குறைவதால் நடைமுறையில் அவ்வளவு போகாது. சில விநாடி தொடும் பிளாஸ்டிக் பரப்புக்கு ஐ.ஈ.சி. 62368-1 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் விடும் எல்லையே 77 டிகிரி. ஆகவே 'கை வைக்க முடியவில்லை' என்பது மட்டும் சார்ஜர் கெட்டதற்கு அடையாளம் இல்லை. மேல் ஃபேன் காற்று படும் ப்ளக்கில் மாட்டினால் சட்டென்று குறையும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ப்ளக் இதற்கு ஆகாது.

நல்ல ரகம் சூட்டைக் குறைப்பதோடு நிற்பதில்லை, அதைப் பரப்புகிறது. கூட்டைப் பிளந்தால் இரண்டு மூன்று சின்ன போர்டுகள் செங்குத்தாக நிற்கும். இடுக்கெல்லாம் சாம்பல் நிறச் சிலிகோன் பசை வார்த்திருக்கும். காற்றைவிட முப்பது நாற்பது மடங்கு சூடு கடத்தும் பசை அது. அதன் மேல் மின்காப்புத் தாள், அதன் மேல் மெல்லிய செம்பு அல்லது அலுமினியத் தகடு. டிரான்சிஸ்டர், பிரிட்ஜ், டிரான்ஸ்ஃபார்மர் மூன்றும் கக்கும் சூடு தகடு முழுவதும் பரவிக் கூட்டின் எல்லாப் பக்கமும் வெளியேறும். பசை இல்லாத சார்ஜரில் ஒரு மூலை கொதிக்கும், எதிர் மூலை வெதுவெதுப்பாக இருக்கும். கடையில் அரை மணி நேரம் ஓடவிட்டு நாலு பக்கமும் தொட்டுப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது திறக்காமலே தெரியும். எடையை மட்டும் நம்ப வேண்டாம், எடை கூட்ட இரும்புத் துண்டு ஒட்டிய சார்ஜரும் சந்தையில் உண்டு.

இன்னொரு பாகம் உள்ளே இருக்கும் வெப்ப உணரி. அளவு மீறினால் நல்ல சார்ஜர் லேப்டாப்போடு மறுபடி பேசி 45 அல்லது 30 வாட்டுக்கு இறங்கிக்கொள்ளும். மே மாத மத்தியானம் 'மெதுவாகச் சார்ஜ் ஆகிறது' என்று லேப்டாப் சொன்னால் சார்ஜர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மலிவு ரகத்துக்கு இறங்கத் தெரியாது, அணைந்துதான் போகும். பல சமயம் முதலில் 65-க்கே ஏறியிருக்காது. வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்றை நடுவில் மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்: லேப்டாப் மாட்டும்போது 20 வோல்ட் காட்ட வேண்டும். 9 வோல்ட், 2 ஆம்பியரோடு நின்றால் அது 18 வாட் சார்ஜர், மேலே என்ன அச்சடித்திருந்தாலும்.

கேபிளில் பலர் ஏமாறுகிறார்கள். 65 வாட் என்பது 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியருக்குத்தான். அதில் 60 வாட்டுக்கு மேல் சார்ஜரே கொடுக்காது. முழு 65-க்கு, தன் தாங்குதிறனைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். நஷ்டம் 5 வாட்தான், அதற்காகத் தனியாகக் கேபிள் வாங்குவது அவசியமில்லை. 100 வாட் சார்ஜருக்கு அது கட்டாயம். ஆப்போவின் சூப்பர்வூக் மாதிரி சொந்த வேகச் சார்ஜ் முறை வைத்திருக்கும் போன்களுக்கு இதில் முழு வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வாங்குபவர்களுக்கு வோல்டேஜ் விஷயம் தனி. மோட்டார்கள் ஓடும் நேரம் 180-க்கு இறங்கினால் சார்ஜர் தாங்கும், ஆனால் உள்ளே வரும் ஆம்பியர் கூடுவதால் பிரிட்ஜ் இன்னும் சூடாகும். பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கம். நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கி வரும், 400 வோல்ட் கெப்பாசிட்டர் அதில் வெடித்துவிடும். நல்லதில் அந்த இடத்தில் அதிக வோல்டேஜை உறிஞ்சும் வேரிஸ்டரும் ஃப்யூஸும் உயிரைக் கொடுத்துச் சார்ஜரை அங்கேயே நிறுத்திவிடும். மலிவு ரகத்தில் ஃப்யூஸுக்குப் பதிலாக ஒரு சின்ன ரெசிஸ்டர், வேரிஸ்டர் இடம் காலி. அதைவிட மோசம், போர்டில் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஆறு மி.மீ. அளவுக்கு இடைவெளியோ வெட்டிய பிளவோ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மி.மீ.கூட இருக்காது. சார்ஜில் இருக்கும் போனைக் காதில் வைத்திருக்கும்போது அந்த இரண்டு மி.மீ.தான் நடுவில் நிற்கிறது.

உலோக உடம்பு லேப்டாப்பைத் தடவினால் லேசாகச் சுருசுருவென்று இருப்பது வேறு. இரண்டு முள் சார்ஜரில் இரைச்சலை அடக்கப் போடும் ஒய் கெப்பாசிட்டர் வழியாகச் சில பத்து மைக்ரோ ஆம்பியர் கசிவதால் வருவது. நல்ல சார்ஜரிலும் வரும், ஆபத்து இல்லை. சுரீர் என்று அடித்தால் உடனே கழற்றி விடுங்கள்.

முள்ளையும் பாருங்கள். 4 மி.மீ. ஐரோப்பிய முள் நம்முடைய சுமார் 5 மி.மீ. துளையில் ஆடும். இந்தக் கனமும் தொங்கினால் உள்ளே பொறி பறந்து ப்ளக் கருகும். இந்திய முள் உள்ளதையே கேளுங்கள். கூட்டில் இந்தியத் தர அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' எழுத்தோடு எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளர் பெயர் வரும். டப்பாவில் ஒரு பெயர், ஆப்பில் தொடர்பே இல்லாத பொருளுக்கு வேறொரு பெயர் என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இரண்டு மூன்று போர்ட் உள்ளவற்றில் ஒரு எரிச்சல். லேப்டாப் ஓடும்போது போனையும் மாட்டினால் 65 என்பது 45-ம் 20-மாகப் பிரியும், பிரியும் நொடியில் லேப்டாப் சார்ஜ் அறுந்து திரும்ப வரும். மானிட்டரையும் இதிலேயே ஓட்டினால் திரை அணைந்து எரியும். தனியாக வேலை பார்ப்பவருக்கு ஒற்றை போர்ட்டே நிம்மதி.

லேப்டாப் மேசையை விட்டு நகராத வீட்டில் பழைய செங்கல்லைத் தூக்கிப் போடாதீர்கள். பரப்பு அதிகம், சூடு குறைவு, கெப்பாசிட்டர் போனால் சர்வீஸ் கடையில் மாற்றி ஓட்டலாம். குட்டி சார்ஜர் கூட்டை ஒட்டி, பசையால் வார்த்துவிட்ட பொருள். அதை யாரும் பிரித்துச் சரிசெய்ய மாட்டார்கள். வாங்கும்போதே சீரியல் நம்பரோடு பில் போடச் சொல்லுங்கள், வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.