தலைப்புப் பட்டை இல்லாமல் நான்கு ஆண்டுகள்

1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட பழைய மடிக்கணினித் திரையில்தான் இது தொடங்கியது. கீழே பணிப்பட்டை, மேலே சாளரத்தின் பெயரும் மூடும் பொத்தானும் உள்ள தலைப்புப் பட்டை, அதற்கடியில் மெனு, அதற்கும் அடியில் கருவிப்பட்டை. இவ்வளவும் போக, எழுதுவதற்கு மிஞ்சியது அஞ்சலட்டை அளவு இடம். தமிழ் எழுத்துக்குக் கொம்பும் கொக்கியும் உண்டு. வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடாவிட்டால் கண் வலிக்கும். தலைப்புப் பட்டையில் எழுதியிருப்பதைக் கடைசியாக எப்போது படித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. 2021 இறுதியில் அதை எடுத்துவிட்டேன்.

நான் பயன்படுத்துவது லினக்ஸில் இயங்கும் கேடிஇ பிளாஸ்மா என்ற மேசைத்தளச் சூழல். அதில் சாளரங்களை மேய்ப்பது கேவின் என்ற நிரல். சிஸ்டம் செட்டிங்ஸில் விண்டோ மேனேஜ்மென்ட், அதற்குள் விண்டோ ரூல்ஸ். அங்கே ஒரு விதியைச் சேர்த்து, 'நோ டைட்டில்பார் அண்ட் ஃபிரேம்' என்ற பண்பைத் தேர்ந்து, 'ஃபோர்ஸ்', 'யெஸ்' என்று வைத்தால் போதும். பக்கத்திலேயே 'அப்ளை இனிஷியலி' என்றும் ஒன்று இருக்கிறது. அது சாளரம் திறக்கும்போது மட்டும் பட்டையை எடுக்கும். பிறகு ஆல்ட்டும் எஃப்3-யும் அழுத்தி வரும் மெனுவில் நாமே திருப்பிக் கொண்டுவரலாம். ஃபோர்ஸ் போட்டுவிட்டால் அந்த மெனுவின் பேச்சு எடுபடாது.

முதல் தவறு முதல் நாளே. கட்டளைகளைத் தட்டும் கான்சோல் முனையத்தை அதன் தலைப்பை வைத்து அடையாளம் காட்டினேன். பட்டை போனது, மகிழ்ந்தேன். மறுநாள் வேறு அடைவில் முனையத்தைத் திறந்தேன், பட்டை திரும்பி வந்திருந்தது. அடைவு மாறினால் தலைப்பும் மாறும் என்பது உறைக்க ஒரு மணி நேரம் ஆனது. சாளரத்தைத் தலைப்பால் பிடிப்பது, ஆளைச் சட்டையின் நிறத்தால் தேடுவது போலத்தான். பிடிக்க வேண்டியது வகுப்புப் பெயரை, அதாவது செயலி தன்னை அடையாளம் காட்டும் மாறாத பெயரை. 'டிடெக்ட் விண்டோ ப்ராப்பர்ட்டீஸ்' பொத்தானை அழுத்திச் சாளரத்தைச் சொடுக்கினால் அதுவே எடுத்துக் கொடுக்கும்.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லை. 2024 பிப்ரவரி 28 அன்று பிளாஸ்மா 6 வெளியானது. சாளரங்களைத் திரையில் காட்டுவதற்குப் பழைய எக்ஸ்11-க்குப் பதிலாக வேலண்ட் அதன் இயல்பு அமர்வு. என் கணினிக்கு அது வந்து சேர்ந்த அன்று பார்த்தால், முனையத்தின் தலையில் மீண்டும் பட்டை முளைத்திருந்தது. விதி பட்டியலில் அப்படியே இருந்தது. ஃபோர்ஸ் போட்டது போட்டபடி. விதியை அழித்து எழுதினேன், மறுதொடக்கம் செய்தேன், புது பதிப்பைச் சபித்தேன். அரை நாள் போயிற்று.

குற்றம் என் விதியில்தான் இருந்தது. எக்ஸ்11-இல் கான்சோலின் வகுப்புப் பெயர் வெறும் 'கான்சோல்'. வேலண்டில் அதுவே 'ஆர்க் புள்ளி கேடிஇ புள்ளி கான்சோல்' ஆகிவிடுகிறது. நானோ எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்ற 'எக்ஸாக்ட் மேட்ச்' போட்டிருந்தேன். போதாக்குறைக்கு, முழு வகுப்பையும் ஒப்பிடும் 'மேட்ச் ஹோல் விண்டோ கிளாஸ்' தேர்வும் போட்டிருந்தேன். அது பெயரையும் வகுப்பையும் சேர்த்தே ஒப்பிடுவதால் எக்ஸ்11-இல் 'கான்சோல் கான்சோல்' என்று இரட்டையாக எழுதியிருந்தேன். அந்த ஊரில் செல்லுபடியான அடையாள அட்டை இந்த ஊரில் செல்லவில்லை. இரண்டையும் தளர்த்தி, பெயரின் ஒரு பகுதி ஒத்தாலே போதும் என்ற 'சப்ஸ்ட்ரிங் மேட்ச்' ஆக்கியதும் பட்டை மறைந்தது.

பழைய பழக்கத்தில், எக்ஸ்11-இல் சாளரத்தின் விவரங்களைக் காட்டும் எக்ஸ்பிராப் கட்டளையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். வேலண்டின் சொந்தச் சாளரங்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது. பதிலுக்கு கியூடிபஸ் என்ற கட்டளை வழியாகக் கேவினின் 'குவெரி விண்டோ இன்ஃபோ'வை அழைத்து, சாளரத்தைச் சொடுக்குங்கள். வகுப்புப் பெயரும் பட்டை உண்டா இல்லையா என்பதும் வரிசையாகக் கொட்டும். விதிகள் எல்லாம் கான்ஃபிக் அடைவில் உள்ள கேவின்ரூல்ஸ்ஆர்சி கோப்பில் எழுதப்படுகின்றன. அதில் 'நோபார்டர்ரூல்' எதிரே 2 என்றிருந்தால் ஃபோர்ஸ், 3 என்றிருந்தால் தொடக்கத்தில் மட்டும். சிக்கல் வரும்போது இப்போது அமைப்புப் பலகைக்கு முன்பே இந்தக் கோப்பைத்தான் திறக்கிறேன்.

க்னோம் என்ற இன்னொரு மேசைத்தளச் சூழலின் செயலிகள் பலவற்றிடம் இந்த விதி செல்லாது. அவை தலைப்பைத் தாமே வரைந்துகொள்கின்றன. கேவின் போடாத பட்டையைக் கேவின் எப்படி எடுக்கும்? ஃபயர்ஃபாக்ஸுக்கு அதன் 'கஸ்டமைஸ் டூல்பார்' பக்கத்திலேயே தலைப்புப் பட்டைக்கான தேர்வுக் கட்டம் இருக்கிறது.

நான் எதிர்பாராத இழப்பு நிழல். சாளரத்தைச் சுற்றி விழும் மென்மையான நிழலும் அந்தச் சட்டகத்தோடு சேர்ந்தது. சட்டகம் போனால் நிழலும் போகிறது. கருப்புப் பின்னணியில் இரண்டு முனையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், அழிக்கக் கூடாத இடத்தில் அழிக்கும் கட்டளையை ஒரு முறை தட்டிவிட்டேன். நல்லவேளை, நகல் இருந்தது. அன்றிலிருந்து முனையத்துக்கு மட்டும் வேறு வழி: விண்டோ டெக்கரேஷன்ஸில் பிரீஸ் பாணியின் அமைப்புக்குள் சாளரவாரியான விதிவிலக்குகள் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே 'ஹைட் விண்டோ டைட்டில் பார்' போட்டால் பட்டை மட்டும் போகும், நிழல் தங்கும். தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சாளரத்தை நகர்த்த மெட்டா விசையை (விண்டோஸ் குறி போட்டது) அழுத்தியபடி எங்கே வேண்டுமானாலும் பிடித்து இழுக்கலாம். ஒரே வாரத்தில் கை பழகிவிடும்.

எனக்குப் பழகியது அப்பாவுக்குப் பழகவில்லை. அதற்குள் நான் ஒவ்வொரு செயலியாக எழுதுவதை விட்டு, எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவாக ஒரே விதி எழுதியிருந்தேன். (முதலில் சேமிக்கவா வேண்டாமா என்று கேட்கும் உரையாடல் பெட்டிகளும் மொட்டைத் தலையோடு வந்தன. விண்டோ டைப்பை 'நார்மல் விண்டோ' என்று குறுக்கியதும் சரியாயிற்று.) மின்கட்டண ரசீதைப் பார்க்க, பிடிஎஃப் படிக்கும் ஆக்குலரைத் திறந்த அப்பா, படித்து முடித்துவிட்டுத் திரையின் மூலைகளைச் சுட்டியால் துழாவிக்கொண்டிருந்தார். "தம்பி, இதை எங்கே பிடித்து மூடுவது?" என்றார். ஆல்ட்டும் எஃப்4-உம் என்றேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆக்குலருக்கு மட்டும் 'ஃபோர்ஸ்', 'நோ' என்று தனி விதி எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரே பண்பை இரண்டு விதிகள் தொட்டால் பட்டியலில் மேலே இருப்பதே செல்லும். நான் புது விதியைப் பொது விதிக்குக் கீழே வைத்திருந்தேன். இழுத்து மேலே போட்டதும் ஆக்குலருக்குத் தலை திரும்பியது.

இந்த வீட்டுக் கணினியில் இப்போது முழுப் பட்டையோடு திறப்பது அது ஒன்றுதான். அப்பா அதன் பெருக்கல் குறியை எப்போதும் இரண்டு முறை அழுத்துவார். இரண்டாவது அழுத்தம் அடியில் இருக்கும் என் முனையத்தின் மேல் விழுகிறது. அங்கே மூடுவதற்குப் பொத்தான் எதுவும் இல்லை.