ஒரே பாறை, இரண்டு படங்கள்: ‘ஃப்ரீ சோலோ’வா, ‘தி டான் வால்’ஆ?

வீட்டில் உட்கார்ந்து பார்க்க நல்ல விளையாட்டு ஆவணப்படம் கேட்டால் பலரும் ‘ஃப்ரீ சோலோ’ என்பார்கள். ஆஸ்கர் வாங்கிய படம், குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் அதே 2018-இல், அதே பாறையைப் பற்றி ‘தி டான் வால்’ என்று இன்னொரு படமும் வந்தது. ஒரு ராத்திரிதான் கிடைக்கும், ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் போடுவேன்.

பாறையின் பெயர் எல் கேப்பிடன். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் சுமார் 3,000 அடி உயரத்துக்கு நிற்கும் கிரானைட் சுவர். இரண்டு படத்திலும் ஏறுவது கை, கால் பலத்தில்தான். டான் வாலில் கயிறு உண்டு, ஆனால் விழுந்தால் தாங்கிக்கொள்ள மட்டும். ஃப்ரீ சோலோவில் அதுவும் கிடையாது. அப்படியானால் அதுதானே கடினம் என்று தோன்றும். இல்லை. ஃப்ரீ சோலோவின் நாயகன் அலெக்ஸ் ஹானல்ட் எல் கேப்பிடனில் கயிறில்லாமல் ஏறிய ஃப்ரீரைடர் பாதையைக் கயிற்றோடு ஏறி முடித்தவர்கள் பலர். டான் வால் என்பது அதே பாறையின் இன்னொரு பக்கம், அதை 2015-க்கு முன் யாரும் அப்படி ஏறி முடித்ததில்லை. ஃப்ரீரைடரில் ஹானல்ட் ஒரு முறை தவறினால் கதை முடிந்தது. டான் வாலில் தவறி விழுவதுதான் தினசரி வேலை.

இந்த வித்தியாசம் கதையையே மாற்றிவிடுகிறது.

ஹானல்ட் 2017 ஜூன் 3 அன்று 3 மணி 56 நிமிடத்தில் உச்சிக்குப் போனார். படத்தில் அது கடைசிப் பகுதிதான். அதுவரை ஒத்திகைகள், வேன் வாழ்க்கை, பயம் ஏன் இவரை மற்றவர்களைப் போல் அசைப்பதில்லை என்று பார்க்க எடுத்த மூளை ஸ்கேன், காதலி சானி. கயிற்றோடு ஏறிய ஒருமுறை, அவரைக் கீழே இறக்கும்போது கயிற்றின் முனை முடிந்துபோனதைச் சானி கவனிக்காமல் விட, ஹானல்ட் கீழே விழுந்து முதுகெலும்பில் அடிபடுகிறது. அதற்குப் பிறகும் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

உண்மையில் இந்தப் படத்தின் உயிர் கேமரா பிடிப்பவர்களிடம் இருக்கிறது. இயக்குநர்களில் ஒருவரான ஜிம்மி சின் தானே மலையேறுபவர். படப்பிடிப்புக் குழுவினரும் ஹானல்டின் நண்பர்கள். நாம் அங்கே இருப்பதாலேயே அவன் கவனம் சிதறி விழுந்துவிட்டால்? இந்தக் கேள்வி அவர்களை விடவே இல்லை. கீழே கேமராவோடு நிற்கும் மைக்கி ஷேஃபர் ஒரு கட்டத்தில் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த உயரத்தை எந்த டிரோன் காட்சியையும்விட இது நன்றாக உணர்த்துகிறது.

ஆனால் வீட்டில் பார்க்கும்போது ஒரு சிக்கல். ஹானல்ட் உயிரோடு இருக்கிறார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். மிச்சமிருப்பது உயரம் தரும் கிறுகிறுப்பு. அது பெரிய திரைக்கான சரக்கு. 32 இஞ்ச் டிவியில் பாதி போய்விடும், போனில் பார்த்தால் சுத்தமாகப் போய்விடும்.

டான் வாலுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் நாயகன் டாமி கால்ட்வெல் 2000-இல் கிர்கிஸ்தானில் மலையேறப் போன இடத்தில் காதலியோடும் இரண்டு நண்பர்களோடும் ஆயுதக் குழுவிடம் பிணைக்கைதியாக மாட்டியவர். காவலுக்கு நின்றவனைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டுத்தான் தப்பினார்கள். அடுத்த வருடம் மரம் அறுக்கும் இயந்திரத்தில் இடதுகை ஆள்காட்டி விரல் போயிற்று. பிறகு அந்தக் காதலியோடு நடந்த கல்யாணமும் முறிந்தது. கற்பனைக் கதையில் எழுதினால் ‘ஓவர்’ என்று சொல்வோம். அந்தத் துக்கத்தில்தான் யாரும் கை, கால் பலத்தில் ஏறி முடிக்காத சுவரைக் கட்டிக்கொண்டு பல வருடம் உழைக்கிறார். துணைக்கு வரும் கெவின் ஜோர்கெசன் சின்னப் பாறைகளில் கெட்டிக்காரர், இவ்வளவு பெரிய சுவருக்குப் புதியவர்.

2014 டிசம்பர் கடைசியில் தொடங்கி 19 நாள் சுவரிலேயே வாசம். தொங்கும் கூடாரத்தில் தூக்கம். குளிரில்தான் விரலுக்கும் ஷூவுக்கும் பிடி கிடைக்கும் என்பதால் ராத்திரியில் ஏற்றம். சுவரைப் பல கட்டங்களாகப் பிரித்து ஏறுகிறார்கள், ஒவ்வொன்றையும் விழாமல் முடிக்க வேண்டும். பதினைந்தாவது கட்டத்தில் கெவின் மாட்டிக்கொள்கிறார். ஏழு நாள், விழுந்துகொண்டே இருக்கிறார். விரல் நுனி கிழிகிறது, டேப் சுற்றுகிறார், தோல் ஆறக் காத்திருக்கிறார். டாமி அதைத் தாண்டி மேலே போய்விட்டார், தனியாகவே முடிக்கலாம். முடிக்கவில்லை, கெவின் வரும்வரை நிற்கிறேன் என்கிறார். இந்தப் பகுதியைப் போனில் பார்த்தாலும் ஒன்றும் குறையாது. பின்னணி இசைதான் ‘இங்கே அழு’ என்று அடிக்கடி தோளைத் தட்டும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் டான் வால் முதலில். காரணம் இருக்கிறது: ஃப்ரீ சோலோவில் ஹானல்டுக்குப் பயிற்சியில் கைகொடுப்பவர் இதே டாமிதான். அவர் பயப்படும்போது, யார் பயப்படுகிறார் என்று தெரிந்து பார்ப்பது வேறு அனுபவம்.

அப்புறம் ‘மெரு’ (2015) என்று ஒன்று உண்டு. ஃப்ரீ சோலோ இயக்குநர்களின் முந்தைய படம், நம் கர்வால் இமயமலையில் எடுத்தது. 2008-இல் மெரு சிகரத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே திரும்பிவந்தவர்கள் 2011-இல் மறுபடி போகிறார்கள், ஜிம்மி சின்னும் அதில் ஒருவர். பனியும் பசியும் அதிகம், விளக்கம் குறைவு. மேலே சொன்ன இரண்டும் பிடித்திருந்தால் மட்டும் போடுங்கள்.