செம்மண் என்று சொல்லிக் கிராவலைக் கொட்டிவிட்டுப் போனார்கள் – தோட்டத்துக்கு மண் வாங்குபவர்கள் கவனம்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பதினைந்து அடியில் மண் தரை இருக்கிறது. அம்மா முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்ட இடம். களிமண்தான். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் கால் வைத்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு இது மோசமான மண் என்று நானாக முடிவு செய்தேன். அம்மா திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில், தோட்ட மண் சப்ளை என்று விளம்பரம் போட்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தார். "சார், இது வெத்துக் களி. இதுல எதுவும் வராது. ஒரு அடி வழிச்சு எடுத்துட்டு நல்ல செம்மண் போட்டுடலாம். களிமண்ணை நாங்களே ஏத்திட்டுப் போயிடறோம், அதுக்குக் காசு வேண்டாம்" என்றார். மூன்று யூனிட், அதாவது 300 கன அடி. யூனிட் 4,500 ரூபாய் என்று பேசி, 13,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்கவில்லை.

பகலில் வருவதாகச் சொன்ன லாரி இரவு பத்தரைக்கு வந்தது. மண் முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் நல்ல சிவப்பாகத் தெரிந்தது. சமன் செய்து, மேலே தண்ணீர் விட்டு, மிதித்துவிட்டுப் போனார்கள். வந்த லாரியிலேயே எங்கள் மண்ணையும் ஏற்றிக்கொண்டார்கள்.

ஒரே மாதத்தில் தரை பாறையாக இறுகியது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் இரண்டு மணி நேரம் அப்படியே நின்றது. கடப்பாரை போட்டால் 'டங்' என்று சத்தம். புதிதாக வைத்த கறிவேப்பிலைக் கன்றில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகிவிட்டது. அம்மா திரும்பி வந்து, பின்வாசலில் பையைக்கூட இறக்கி வைக்காமல், "என் மண்ணு எங்கடா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மாமரத்தைச் சுற்றி மட்டும் வேர் அடிபடும் என்று தோண்டாமல் விட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பிடி, புது மண்ணில் ஒரு பிடி எடுத்து, இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். புது மண் பாட்டிலில் ஒரு நிமிஷத்துக்குள் பாதிக்கு மேல் அடியில் விழுந்துவிட்டது. எல்லாம் பொடிக்கல்லும் பருமணலும், கூடவே ஒரு ஓட்டுத் துண்டு. அம்மாவின் மண்ணில் அடியில் கொஞ்சம் மணல், அதன் மேல் வண்டல், மறுநாள் காலையில் பார்த்தால் வழவழவென்று களி ஒரு அடுக்கு. மேலே மக்கிய இலைத் துணுக்குகள் மிதந்தன. அவ்வளவு வருஷம் போட்ட சாணியும் சருகும் அதில்தான் இருந்தன.

புது மண்ணில் கிடந்த சாம்பல் நிறக் கட்டியில் வினிகர் விட்டேன். நுரைத்தது, அதாவது சிமெண்ட் காரையோ சுண்ணாம்போ கலந்திருக்கிறது. அப்புறம் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தபோது கார அமில நிலை (pH) 8.6 என்று வந்தது. காரம் இவ்வளவு ஏறினால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. கறிவேப்பிலை மஞ்சளானது அதனால்தான்.

வந்தது பேஸ்மட்டம் நிரப்பப் போடும் கிராவல். இறுகுவதற்காகவே வாங்குகிற மண். சிவப்பு நிறம் இரும்புத் துருவால் வருவது, சத்துக்கு அடையாளம் இல்லை. நல்ல செம்மண்ணிலேயே மக்கிய இலைதழைப் பொருளும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) குறைவாகத்தான் இருக்கும். போன் செய்து கேட்டதற்கு, "செம்மண்ணு கேட்டீங்க, செவப்பாத்தானே இருக்கு?" என்றார். அதன் பிறகு எடுக்கவில்லை.

சென்னையில் எல்லா இடத்துக்கும் ஒரே மண் சரிவராது. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடல் மணல், தண்ணீர் நிற்காது. மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூரில் களி. கிண்டிப் பக்கம் தோண்டினால் பாறை. களிமண் தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைக்கும், அதை மாற்ற வேண்டியதே இல்லை. மக்கிய எருவும் சருகும் சேர்த்துக்கொண்டே வந்தால் தானாகப் பொலபொலப்பாகும். கொஞ்சம் மணல் கலந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், இன்னும் கெட்டியாகும்.

மண் வாங்கியே ஆக வேண்டுமென்றால் முதலில் ஒரு பை மட்டும் கேளுங்கள். பாட்டிலில் குலுக்கிப் பாருங்கள். ஈரமாக்கிப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் உடையாமல் வந்தால் நல்ல களி, உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மணல். லாரி பகலில்தான் வர வேண்டும், கொட்டுவதற்கு முன்பு மேலே ஏறி உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். பில் வாங்குங்கள். பில் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தைரியமாகப் பேசலாம். முக்கியமாக, உங்கள் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்கிறோம் என்று எவர் சொன்னாலும் ஒரு சட்டிகூடக் கொடுக்காதீர்கள். எங்கள் மண் யார் வீட்டுத் தொட்டியில் விலைக்குப் போனதோ தெரியாது.

இப்போது கிராவலில் இரண்டடிக் குழிகளாக உடைத்து, மாமரத்தடி மண்ணை அளவாக எடுத்து, எருவோடு கலந்து நிரப்பி வருகிறோம். மூன்று குழி முடிந்திருக்கிறது. முதல் குழியில் கறிவேப்பிலைக்கு இந்த வாரம் புதுத் துளிர் வந்திருப்பதாக அம்மா கூப்பிட்டுக் காட்டினார்.