ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த பிள்ளையை முதல் வேலைக்கு அனுப்பப் போகிறீர்களா? எங்கள் 65,000 ரூபாய் போன கதையை வாசித்துவிட்டு அனுப்புங்கள்

நேற்றுப் பின்னேரம் நாலரை மணிக்கு என்னையும் என் மனைவியையும் மாடிப்படியிலிருந்து எழுப்பி, கீழே இறக்கிவிட்டார்கள். இரவு முழுக்க நித்திரை இல்லை. கோபம் ஆறினால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

65,000 ரூபாய். என் மனைவி மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுக் காசு. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் கூரைத் தகடு மாற்றுவதற்கென்று வைத்திருந்தோம். மகளின் முதல் வேலைக்கு 'டெபொசிட்' என்று சொல்லி அதை வாங்கினார்கள். இப்போது வேலையும் இல்லை, பேசிய சம்பளமும் இல்லை, 65,000 ரூபாயும் இல்லை. மழைக்கு வாளி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இடத்தின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். எப்படிப்பட்ட இடம் என்று மட்டும் சொல்கிறேன். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கமாக, கீழே கடை, மேலே கந்தோர்கள் உள்ள கட்டிடம். அதில் மூன்றாம் மாடி. 'கணக்கியல் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே சம்பளம், பிறகு நிரந்தர வேலை' என்று ஃபேஸ்புக்கில் அழகான தமிழில் விளம்பரம் போடுவார்கள். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள்.

படித்த பிள்ளையின் அப்பா, புறக்கோட்டையில் வேலை செய்தவர், நீங்களுமா ஏமாந்தீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஆமாம், புறக்கோட்டையில் வேலை செய்ததால்தான் ஏமாந்தேன். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நான் வேலைக்குப் போனது 1996இல். ஜனவரி 31ஆம் தேதி மத்திய வங்கியில் குண்டு வெடித்து, கோட்டைப் பக்கம் போகவே எல்லோரும் பயந்த காலம். மார்ச் மாதம், தெரிந்தவர் ஒருவர் என்னை ஐந்தாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கூட்டிப்போனார். வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு. முதலாளி என் சான்றிதழைப் பார்க்கவில்லை. பழைய பில் புத்தகம் ஒன்றைத் தந்து, ஒன்றிலிருந்து நூறு வரை எழுதச் சொன்னார். எழுதினேன். "ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கு, அதைத் திருத்து, நாளைக்கு வா" என்றார். சம்பளம் 2,500 ரூபாய். டெபொசிட் என்ற சொல்லே அந்தக் கடையில் கிடையாது.

மிளகாய் நெடியில் முதல் கிழமை முழுக்கத் தும்மினேன். கணக்கப்பிள்ளை ஐயா பேரேட்டைத் தொடவே விடவில்லை. மூன்று மாதம் நாட்டாமைமார் (மூட்டை தூக்குகிறவர்கள்) இறக்கும் மூட்டையை எண்ணுவதுதான் வேலை. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) என்றால் என்னவென்று முதலாளிதான் சொல்லித் தந்தார். "நூறு ரூபாய்க்கு எட்டு ரூபாய் உன் சம்பளத்திலிருந்து, பன்னிரண்டு ரூபாய் என் பையிலிருந்து. ஒரு நாளைக்கு உதவும்" என்பார். மகள் பிறந்தபோது வீடு எடுத்ததற்கு அந்தக் காசுதான் உதவியது.

அந்த வருஷமே ஒரு சனிக்கிழமை விடியற்காலை சுற்றிவளைப்பில் என்னையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பொலிஸ் பதிவு இருந்தது, அடையாள அட்டை இருந்தது, ஆனாலும் வைத்திருந்தார்கள். கொழும்பில் அப்போது இருந்த தமிழ்ப் பெடியன்களுக்கு இது புதிதில்லை. பத்து மணிபோல முதலாளி வந்தார். கடை முத்திரை அடித்த கடிதம் ஒன்று கையில். சனிக்கிழமை, கடையில் சனம் நிறைந்த நாள். கல்லாவை விட்டுவிட்டு வந்து, பின்னேரம் இரண்டு மணி வரை அங்கே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்து என்னை வெளியே எடுத்தார். மாதக் கடைசியில் அன்றைய சம்பளத்தையும் வெட்டவில்லை.

முதலாளி என்றால் எனக்கு அவர்தான். ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒருவர் கையில் கொடுத்தால், அவர் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொள்வார் என்று நம்பித்தான் கிட்டத்தட்ட முப்பது வருஷம் இருந்தேன்.

அந்த மூன்றாம் மாடியில் எங்களோடு கதைத்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். டை கட்டியிருந்தார். மகளிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அங்கிள் என்ன செய்றீங்க?" என்றார். ஐந்தாம் குறுக்குத் தெருவில் தொடங்கியவன் என்று சொன்னேன். உடனே கதிரையிலிருந்து எழும்பினார். "எங்கட அப்பாவும் அங்கதான் அங்கிள் தொடங்கினவர். நீங்க நம்மட ஆள்." பிளேன்டீ வந்தது. சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் மகளின் பெயரை எங்கள் கண் முன்னாலேயே எழுதினார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் பையிலிருந்து காசை எடுக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "இன்டைக்கு வேணாம் அங்கிள். வீட்டுக்குப் போய் அன்ரியோட கதைச்சு, யோசிச்சுப் போட்டு வாங்க. அவசரம் இல்ல." இதற்குத்தான் நான் விழுந்தேன். ஏமாற்ற வருபவன் காசை வேண்டாம் என்று சொல்வானா என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கே போய் 65,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். நாலாவது மாதம் முழுக்கத் திருப்பித் தருவோம் என்றார். தந்த ரிசிப்டில் ஆங்கிலத்தில் பயிற்சிக் கட்டணம் என்று இருந்தது, கீழே சின்ன எழுத்தில் திருப்பித் தரப்படமாட்டாது என்றும் இருந்தது. கேட்டேன், கேட்காமல் இல்லை. "அது ஒடிட்டுக்காக அங்கிள், எங்களிட்ட ஒரே ஒரு ரிசிப்ட் புக்தான் இருக்கு" என்றார். சரி என்று மடித்துப் பையில் வைத்தேன்.

மகள் காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் விடுவார்கள், சனிக்கிழமையும் சேர்த்து. கணக்கியல் என்று ஒன்றும் இல்லை. ஒரு மேசை, ஒரு ஃபோன், பெயரும் நம்பரும் உள்ள தாள்கள். வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன், எங்கெங்கோ ஏ.எல். எழுதிய பிள்ளைகளின் நம்பர். ஒரு நாளைக்கு நாற்பது கோல் எடுத்து, அவள் கேட்ட அதே பொய்யை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு அது பொய் என்று தெரியாது.

முதல் கிழமையே வந்து, "அப்பா, இன்னும் கணக்கு தொடங்கல்ல" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நானும் மூன்று மாசம் மூட்டைதான் எண்ணினேன். பொறுமையா இரு, பிள்ளை." அதை நினைத்தால்தான் 65,000 ரூபாயை விட அதிகமாக நெஞ்சு எரிகிறது.

சம்பளம் மாதம் 30,000 என்று பேச்சு. முதல் மாதம் ஒன்றும் இல்லை, 'பயிற்சி மாதம்' என்றார்கள். இரண்டாம் மாதம் ஒரு கவரில் 10,000 ரூபாய். பே ஷீட் இல்லை, ஈ.பி.எஃப். இல்லை, ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) இல்லை. மூன்றாம் மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஐந்து பேரைச் சேர்க்க வேண்டிய நீ இரண்டு பேரைத்தான் சேர்த்தாய், டார்கெட் வரவில்லை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பலகையில் பெயரை அழித்ததையும் அவள் பார்த்திருக்கிறாள்.

அதன் பிறகு நாங்கள் பட்டதைச் சொல்லி முடியாது. முதலில், மெனேஜர் ஹெட் ஒஃபிஸுக்குப் போயிருக்கிறார். ஹெட் ஒஃபிஸ் எங்கே என்றால், அது சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள், போனேன், வியாழன் என்றார்கள். வியாழன் போனால், கையெழுத்துப் போடுகிறவர் லீவு. வட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழும், பதில் வராது. நாலாவது முறை எழுதியபோது என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார். மனைவியின் ஃபோனில் எடுத்தேன். "அங்கிள், ரிசிப்டை வாசிச்சுப் பாருங்க" என்று வைத்துவிட்டார். நம்மட ஆள் என்று சொன்ன அதே வாய்.

போன கிழமை 141 பஸ் பிடித்து நாரஹேன்பிட்டிக்குப் போய், தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தேன். முதலில் கேட்டது நியமனக் கடிதம். எங்களிடம் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, ஒருவரை வேலைக்கு எடுத்தால் சம்பளம், வேலை நிபந்தனை எல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஓ.ரி. (மேலதிக நேரச் சம்பளம்) கொடுக்க வேண்டும். முப்பது வருஷம் கடைத்தெருவில் இருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கடிதம் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பார்களோ என்று கேட்காமல் விட்டேன். நல்லகாலம், மகள் காலையில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பும் பழக்கம் வைத்திருந்தாள். அப்பாவுக்குக் காட்டத்தான் அனுப்பினாள். இப்போது இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

நேற்று நாங்கள் போனது அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் ஓ.எல். சான்றிதழையும் எடுக்க. இரண்டும் ஒரிஜினல், சேரும்போது 'ஃபைலுக்கு' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு மணித்தியாலம் வெளியே நிற்க வைத்தார்கள். என் மனைவி சத்தம் போடுகிறவள் இல்லை. பேசாமல் மாடிப்படியில் உட்கார்ந்தாள். மேலே போக வந்த இரண்டு பிள்ளைகள் அவளைத் தாண்ட முடியாமல் நின்றார்கள், கையில் ஃபைல், கூடவே அப்பாமார். "என் பிள்ளையின் சான்றிதழ் வந்தால் எழும்புவேன்" என்று மட்டும் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் கவர் வந்தது. சான்றிதழ் இரண்டும் இருந்தன. 65,000 ரூபாய் இல்லை. செக்கியூரிட்டியைக் கூப்பிட்டு எங்களை இறக்கிவிட்டார்கள். அந்த இரண்டு அப்பாமாரில் ஒருவர் எங்கள் பின்னாலேயே பிள்ளையோடு இறங்கி வந்தார். மற்றவர் மேலே போய்விட்டார்.

எப்படித் தப்புவது என்று விளக்கமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இவ்வளவையாவது செய்யுங்கள். வேலை தருகிறவனுக்கு ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள், டெபொசிட், யூனிஃபோர்ம், பயிற்சி, என்ன பெயர் சொன்னாலும். ஒரிஜினல் சான்றிதழைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், கொப்பி போதும். முதல் நாளே நியமனக் கடிதம் கேளுங்கள். வாசித்து விளங்காத ரிசிப்டை வாங்காதீர்கள். பயிற்சி நிலையம் என்று சொன்னால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று காசு கட்டுவதற்கு முன் பாருங்கள். பிள்ளை வந்து 'அங்கே ஏதோ சரியில்லை' என்றால், உங்கள் காலத்துக் கதையைச் சொல்லி வாயை அடைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மகள் சேர்த்த இரண்டு பேரும் தலைக்கு 65,000 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருமே வெளியூர், இங்கே போடிங்கில் இருக்கிறார்கள். நேற்று இரவு மகள் இரண்டு பேருக்கும் ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னாள். ஒரு பிள்ளை அழுதாள். மற்றவள் நம்பவில்லை, 'உங்களுக்கு டார்கெட் வராத கோபம், அக்கா' என்று சொல்லி வைத்துவிட்டாள். இன்று காலை முதல் மகள் பழைய தாள்களில் ஞாபகம் உள்ள பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லப்போகிறாளாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் திரும்ப நாரஹேன்பிட்டிக்குப் போகிறேன். அழுத பிள்ளையின் தாயும் வருகிறார். இதே மூன்றாம் மாடியில் உங்கள் பிள்ளையும் வேலை செய்து சம்பளம் வராமல் இருந்தால், ரிசிப்டையும் வட்ஸ்அப் செய்திகளையும் பிரதி எடுத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள். வாசலில் நிற்பேன்.