கேப் டவுனில் விஞ்ச்சா, ரோப் காரா?

டர்பனிலிருந்து ஆயாவைக் கேப் டவுனுக்குக் கூட்டிப்போனபோது வீட்டில் ஒரே வாக்குவாதம். டேபிள் மவுண்டன் மலைக்கு ரோப் காரா, கடல் முனையான கேப் பாயின்டில் மலை ரயிலா? பழனிக்குப் போய்வந்த ஆயா சட்டென்று சொல்லிவிட்டார்: "விஞ்ச்சே போதும்பா. தண்டவாளத்துல போகுது. அந்தரத்துல தொங்க என்னால ஆகாது."

சரி என்று முதல் நாள் கேப் பாயின்ட். அசல் பழனி விஞ்ச் கணக்குதான்: கம்பி வடத்தில் பூட்டிய இரண்டு பெட்டிகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பாதை 585 மீட்டர். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மேலே வந்துவிடும். பெயர் 'பறக்கும் டச்சுக்காரன்', பழைய பேய்க்கப்பல் கதையிலிருந்து எடுத்தது. பழமை பேரோடு சரி, ரயில் 1990களில் வந்தது.

சிக்கல் மேலே இருக்கிறது. இறங்கியபின் கலங்கரை விளக்கத்துக்கு இன்னும் படி ஏற வேண்டும். ஆயா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். 1860இல் கட்டிய அந்த விளக்கத்தை மேகம் அடிக்கடி மூடிவிடுமாம். 1911இல் லுசிட்டானியா என்ற போர்த்துகீசியக் கப்பல் அங்கே பாறையில் மோதிய பிறகுதான் தாழ்வான இடத்தில் புது விளக்கம் கட்டினார்கள். நமக்குக் காட்சி தருகிற உயரம் கப்பலுக்கு உதவவில்லை. அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் கூடும் இடம் இதுதான் என்று வழிகாட்டி யாராவது அளந்தால் நம்பாதீர்கள். அந்த எல்லை கிழக்கே அகுல்யாஸ் முனையில்.

மறுநாள் ஆயாவைக் கெஞ்சி ரோப் காரில் ஏற்றினோம். உண்மையில் பழையது இதுதான், 1929இலிருந்து ஓடுகிறது. 1997இல் வந்த பெட்டியில் 65 பேர் நிற்கலாம். தரை மெல்லச் சுழல்வதால் ஜன்னலுக்கு முட்டிமோத வேண்டாம். சுழல்வது தரை மட்டும்தான், ஓரச் சுவரைப் பிடித்துவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,067 மீட்டர் உயரம். ஆயா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றபடியே வந்தார். ஆனால் மேலே தட்டையான மலை, சமமான பாதை. முதல் நாள் படியில் அயர்ந்தவர் இங்கே எங்களுக்கு முன்னால் நடந்தார்.

முட்டிவலிக்காரர்களுக்கு ரயில்தான் தோது என்பவர்கள் ஏறும் வழியை மட்டும் பார்க்கிறார்கள். என் ஓட்டு ரோப் காருக்கு. ஒரே குறை, கோடையில் தென்கிழக்குக் காற்று கிளம்பினால் நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகவும் சில நாள் ஓடாது. காலையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடவில்லையென்றால் கேப் பாயின்டுக்கு வண்டியைத் திருப்பலாம். அங்கே வடைப் பொட்டலத்தை மட்டும் வெளியே எடுக்காதீர்கள், பபூன் குரங்குகள் எங்களுடையதை மிச்சம் வைக்கவில்லை.